உதாரணம் இல்லாத பக்கம்

முதல் பிரதியை வாங்கிக்கொள்ள வசந்தை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். புதுக்கோட்டையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். நாற்காலிகளில் பாதி காலி. மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸில் புத்தகத்தின் அட்டை: ஒரு மலை, அதில் ஏறும் இரண்டு உருவங்கள், பெரியது ஒன்று, சின்னது ஒன்று.

டென்மார்க்காரர் ஒருவர் நூற்றெண்பது வருடங்களுக்கு முன்னால் எழுதிய புத்தகம் அது. கடவுள் கேட்டார் என்று பெற்ற மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போகும் பைபிள் தகப்பனைப் பற்றியது. எதற்குப் போகிறோம் என்று அந்தத் தகப்பன் மனைவியிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. அந்த மௌனம் சரிதானா என்று ஆசிரியர் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். அதை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ்.

சார்லஸுக்கு ஊர் ஆவூர்ப் பக்கம். செமினரியில் சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர். ஆலங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவத்தில் முக்கியமானதையெல்லாம் தமிழில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி அவருக்கு. அதற்கு அவர் வைத்திருந்த முறைதான் விசேஷம்.

ஆலங்குடிக் கடைத்தெருவில் உடையப்பனின் தேங்காய் மண்டி. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவார்கள். சார்லஸ், உடையப்பன், தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் திலகவதி, மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வசந்த், அவன் மனைவி இலக்கியா. சார்லஸ் அந்த வாரம் மொழிபெயர்த்த ஒரு பக்கத்தை வாசிப்பார். இரண்டு தரம் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவரும் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து அதற்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். படித்தது, கேள்விப்பட்டது, சினிமாவில் பார்த்தது எதுவும் செல்லாது. ஒருவர் இல்லை என்றாலும் அந்தப் பக்கம் இன்னும் தமிழுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, மறுவாரம் புதிதாக எழுதிக்கொண்டு வருவார்.

உடையப்பன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆரம்பத்தில் மாடியைக் கொடுத்தவர் என்ற முறையில்தான் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் அவருடைய முறை வந்தபோது, அண்ணன் வயலுக்குள் எல்லைக்கல்லைத் தானே ஒரு முழம் நகர்த்தி நட்ட கதையைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். இது கீழே போனால் வெட்டுக்குத்துதான் என்றார். அன்றைக்கு வந்தது விதி. மாடியில் சொன்னது மாடியிலேயே இருக்கும். படியில் கால் வைத்தால் மறந்துவிட வேண்டும். அடுத்தவர் பாவத்தைக் காதில் வாங்கி வெளியே விடாமல் வைத்திருக்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பயிற்சி எடுத்தவர் சார்லஸ். அதை வேதவாக்கு மாதிரிச் சொன்னார். புருசன் பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் என்றார்.

வசந்தும் இலக்கியாவும் அந்த விதியை விளையாட்டுபோலப் பிடித்துக்கொண்டார்கள். அவன் மேலே ஏதாவது உளறியிருப்பான். வண்டியில் திரும்பும்போது அவள் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான். அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

அதிகமாகப் பக்கம் கிழிபட்டது இலக்கியாவால்தான். ஆசை நிறைவேறாத வரை வலி, நிறைவேறிவிட்டால் சலிப்பு என்று ஒரு ஜெர்மானியர் விரித்து எழுதியிருந்த இடத்தில் அவள் தலையை ஆட்டினாள்.

“எனக்கு வரல சார். நெறவேறுன ஆசைன்னு ஒண்ணு இருந்தாத்தான சலிக்குதான்னு பாக்க முடியும்.”

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. எல்லோருக்கும் தெரியும். சார்லஸ் தாளைக் கிழித்தார். கிழித்துவிட்டு அவளைக் கும்பிட்டார். அவருக்கு அவள்மேல் அப்படி ஒரு மரியாதை.

அவள் இறந்து நாலு வருடமாகிறது. மார்பகப் புற்றுநோய். கொரோனாவுக்கு முந்தின மாசி.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் திருச்சியில் தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூல நூலை ஆங்கிலத்தில் மூன்று முறை படித்தும் விளங்காத இடங்கள் இந்த மொழிபெயர்ப்பின் அடிக்குறிப்புகளில் விளங்கின என்றார். நம்முடைய மண்ணிலிருந்து, நம்முடைய ஜனங்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்த உதாரணங்கள் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை வாசித்தார்.

“ஒரு பெண். குழந்தைக்காக வருடக்கணக்கில் வைத்தியம் பார்க்கிறாள். இதுதான் கடைசி முயற்சி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் அவளுடைய மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. கணவனிடம் சொன்னால் வைத்தியத்தை நிறுத்திவிடுவான். அவள் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் போகும்போது அவன் முதுகில் அது பட்டுவிடக் கூடாதென்று நடுவில் கைப்பையை வைத்துக்கொள்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. பேசாமல் இருக்கிறாள். மலையேறும் தகப்பனின் மௌனம் இதுதான்.”

கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கை தட்டினார்கள். வசந்தும் தட்டினான். கை அதுபாட்டுக்குத் தட்டியது.

அந்தப் பையை அவனுக்குத் தெரியும். பச்சை ரெக்சின் பை. வார் அறுந்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்தது. கஜா புயலுக்குப் பிறகு கொஞ்ச நாளாக அவள் அதை நடுவில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஊசி போட்டுப் போட்டு உடம்பு உஷ்ணம், ஒட்டி உட்கார முடியவில்லை என்றாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பையைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது.

புயலுக்கு அடுத்து வந்த பங்குனியில், அந்தக் கடைசி முயற்சியும் இல்லை என்று ஆன பிறகு, ஒரு காலையில் அவள் அவன் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். நேற்றுக் குளிக்கும்போதுதான் பார்த்தேன் என்றாள். அன்றைக்கே திருச்சிக்குப் போனார்கள். பெரிய டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, நாலு மாசம் முந்தி வந்திருந்தால் கதை வேறு என்றார். வசந்த் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் அலைந்தான். கடைசியில் ஒன்றே ஒன்றில் போய் நின்றான். அவளுக்கே தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. அவளைத் தூக்கிய அன்றைக்குச் சார்லஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். சார்லஸ் அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆமாப்பா, யாருக்கும் தெரியலப்பா என்றார்.

அதில்தான் நாலு வருடமாக நின்றுகொண்டிருந்தான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்தான். பேராசிரியர் கொடுத்த பிரதியை இரண்டு கையாலும் வாங்கினான். ஃபோட்டோ எடுத்தவர் இங்கிட்டுப் பாருங்க என்றார். பார்த்தான். சிரிக்கச் சொன்னார். அதையும் செய்தான்.

கூட்டம் முடிந்து பின்கட்டில் போண்டாவும் டீயும் கொடுத்தார்கள். சார்லஸ் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வசந்த் பக்கத்தில் போய் நின்றான். அவர் முடிக்கும்வரை நின்றான். நிமிர்ந்து பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“பேர் போடல, வசந்த்.”

“எப்ப சொன்னா?”

“புயலுக்கு அப்பறம். நீ வராத ஞாயித்துக்கெழமை.”

கஜா அடித்த வருடம். மின்வாரியத்தில் எவருக்கும் ஞாயிறு கிடையாது. வசந்த் கம்பம் நடும் ஆட்களோடு கிராமம் கிராமமாகக் கிடந்தான். ஊரே இருட்டில் கிடந்தபோதும் மாடியில் வாசிப்பு நிற்கவில்லை என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்காக அன்றைக்கு அவன் பெருமைப்பட்டிருந்தான்.

“பங்குனிக்கு நாலு மாசம் முந்தி,” என்றான்.

சார்லஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“மாடியில சொன்னது…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

“அவ உசுரோட இருந்தப்ப விதியக் காப்பாத்துனீங்க,” என்றான் வசந்த். “செத்ததுக்கப்பறம் அச்சடிச்சிட்டீங்க.”

அவன் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் போண்டா தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார்லஸ் டம்ளரை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த முறை பொய் சொல்ல வரவில்லை அவருக்கு.

“வேற உதாரணமெல்லாம் போட்டுப் பாத்தேன். எதுவும் அந்த எடத்துல நிக்கல.”

வசந்த் டீயைக் குடித்து முடித்தான். டம்ளரை மேசையில் வைத்தான். புத்தகம் கக்கத்தில் இருந்தது. அப்படியே வெளியே வந்தான்.

உடையப்பன் மண்டியின் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் வசந்தைப் பார்த்து நிறுத்தி, ஏறு தம்பி என்றார். ஏறினான். ஊர் எல்லை தாண்டும்வரை அவர் தேங்காய் விலையைப் பேசினார். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் புயலுக்குப் பிறகு நட்ட தென்னைகள், காய்க்கிற உயரத்துக்கு வந்திருந்தன.

“நீங்களும் இருந்தீங்கள்ல,” என்றான் வசந்த்.

“இருந்தேன்.”

“திலகா அக்கா?”

“அதுவும் இருந்துச்சு.”

உடையப்பன் வண்டியை ஓரங்கட்டினார். ஓட்டிக்கொண்டே சொல்ல முடியவில்லை அவரால். அன்றைக்குக் கரண்டு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில்தான் வாசித்தார்கள். மலைக்குப் போகும் தகப்பன் பேசாமல் இருக்கும் பக்கம். மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள். உடையப்பனே, விழுந்த தென்னைகளின் கணக்கை வீட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பதைச் சொன்னார். இலக்கியா ரொம்ப நேரம் யோசித்தாள். இல்லை என்றுதான் சொல்லப்போகிறாள், பக்கத்தைக் கிழிக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் சொன்னாள். ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

“படியில எறங்குறப்ப திரும்பிப் பாத்துச்சு. ‘விதி விதிதான் சார்’னு சார்லஸ் சாரப் பாத்துச் சொல்லுச்சு. அது போனப்பறம் நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல தம்பி.”

திலகவதி சொல்லிவிடலாம் என்றிருக்கிறாள். சார்லஸ் கூடாது என்றாராம். நாம் வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளை இனி யாரிடமும் வாயைத் திறக்காது, அதுவாகச் சொல்லும், அதற்கு நேரம் கொடுப்போம் என்றாராம். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தோம் என்றார் உடையப்பன்.

வசந்துக்கு ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. திலகவதி காரணமில்லாமல் வீட்டுக்கு வந்தாள். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தாள். இலக்கியா அடுப்படியில் இருந்தாள். திலகவதி அவன் எதிரில் உட்கார்ந்து, எப்படி இருக்கீங்க தம்பி என்று கேட்டாள். நல்லா இருக்கேங்க்கா என்றான். டீ குடித்தாள். மறுபடியும் எப்படி இருக்கீங்க என்று கேட்டாள். பிறகு போய்விட்டாள். கேட்டதையே கேட்கிறார்கள் என்று அவனும் இலக்கியாவும் சிரித்தார்கள். இலக்கியாவும்தான் சிரித்தாள். சாவுக்குப் பிறகு திலகவதி மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

“நானாச்சும் சொல்லிருக்கணும்,” என்றார் உடையப்பன். “அந்த விதியப் போட்டதே எனக்காகத்தான.”

“உங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாதுல்ல? கல்ல நகத்துனது.”

உடையப்பன் அவனைத் திரும்பிப் பார்த்தார். பயமுறுத்துகிறானோ என்று பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. சும்மா கேட்ட மாதிரித்தான் இருந்தது.

“தெரியாது,” என்றார்.

“தெரியாமயே இருக்கட்டும்ணே. வண்டிய எடுங்க.”

அந்த வாரம் வசந்த் வழக்கம்போல வேலைக்குப் போனான். வீடு வீடாக மீட்டர் பார்த்தான். அவன் யோசித்தது சார்லஸைப் பற்றிக்கூட இல்லை. நேற்றுக் குளிக்கும்போதுதான் பார்த்தேன் என்று அவள் சொன்ன காலையைத்தான் யோசித்தான். அந்த முகத்தைக் கொண்டுவந்து கொண்டுவந்து பார்த்தான். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. அப்படியானால் அவளுடைய மற்ற முகங்களை என்ன செய்வது. சிரித்தது, தோளில் தட்டியது, ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஒரு குறையுமில்லை என்றது. எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எதுவும் பழைய எடையில் இல்லை. அவள்மேல் கோபம் வந்தால் தேவலை என்று காத்திருந்தான். வரவில்லை. மூணு பேருக்கு முன்னால் சொல்ல முடிந்தது, என்னிடம் முடியவில்லை. அதோடு நின்றது யோசனை. அதைத் தாண்டிப் போகவில்லை.

புத்தகத்தைத் திறக்கவில்லை. டி.வி. மேல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடிக்குப் போனான்.

உடையப்பன் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சார்லஸ் பாயில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கணம் கை நின்றது. வசந்த் ஜன்னலோரம், அவனுடைய இடத்தில் உட்கார்ந்தான். கீழே மட்டை உரிக்கும் சத்தம் கேட்டது. பழைய புத்தகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சார்லஸ் மன்னிப்புக் கேட்பார் என்று உடையப்பன் எதிர்பார்த்தார். கேட்க வாயெடுத்த மாதிரியும் இருந்தது. வசந்த் முந்திக்கொண்டு, வாசிங்க சார் என்றான்.

புதிய புத்தகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். எழுதியவர் மீசைக்கார ஜெர்மானியர். நூற்றாண்டு முடியுமுன் புத்தி பேதலித்துப் போனவர். அன்றைய பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீ வாழ்ந்த இதே வாழ்க்கை, ஒரு தூசுகூட மாறாமல், முடிவில்லாமல் மறுபடி மறுபடி வரும் என்று உன்னிடம் ஒருவன் சொன்னால் என்ன செய்வாய், அவனைச் சபிப்பாயா, காலில் விழுவாயா என்பது மாதிரி. அதை வாசிக்கும்போது சார்லஸின் குரல் இரண்டு இடத்தில் தட்டியது. வேறு பக்கம் கொண்டுவந்திருக்கலாம். வசந்த் வருவான் என்று அவர் நினைக்கவில்லை.

இரண்டாம் தரமும் வாசித்து முடித்தார்.

உடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, புயலும் சேந்து திரும்ப வருமா சார் என்று கேட்டார். எல்லாம் சேர்ந்துதான் என்றார் சார்லஸ். அப்படியென்றால் ரொம்ப யோசிக்க வேண்டும் என்றார் உடையப்பன். விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே ஒரு நாள் உட்கார்ந்திருந்ததையும், அப்போது பேத்தி ஒரு இளநீரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்ததையும் சொன்னார். நல்ல உதாரணம்தான். சார்லஸ் செமினரியை விட்டு வெளியே வந்த காலையைச் சொன்னார். பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றது. எந்தப் பக்கம் போகிற பஸ் என்று தெரியாமல் ஏறியது.

பிறகு இரண்டு பேரும் வசந்தைப் பார்த்தார்கள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு உதாரணம் இல்ல சார்.”

சார்லஸ் தாளை அவன் பக்கம் நகர்த்தினார். “யோசிச்சுப் பாரு,” என்றார்.

“யோசிச்சிட்டேன்.”

“வசந்த். இந்தப் பக்கம் ஒனக்கு வரலன்னு நீ சொன்னா…”

“விதி விதிதான் சார்.”

சார்லஸின் முகம் மாறியது. அந்த வார்த்தையை அவர் இதற்கு முன்னால் யாரிடமிருந்து கேட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அவர் தாளை எடுத்தார். ஒரு வார வேலை. நீளவாக்கில் ஒரு கிழி, குறுக்கே ஒரு கிழி. துண்டுகளைப் பாயின் ஓரத்தில் வைத்தார்.

மறுவாரம் அதே பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார். முன்னைவிட நன்றாக வந்திருந்தது. வசந்த் கவனமாகக் கேட்டான். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். உதாரணம் இல்லை என்றான். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். ஆடி போய் ஆவணி வந்தது. பள்ளிக்கூடத்தில் சார்லஸுக்கு அரைநாள் லீவு போட்டு எழுத வேண்டியிருந்தது என்று பேசிக்கொண்டார்கள். வசந்த் ஒரு ஞாயிறும் தவறவில்லை. நேரத்துக்கு வந்தான். சண்டை போடவில்லை. இனி வராதே என்று சார்லஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முறை போய்விடும். முறை போய்விட்டால், கிழிக்காமல் விட்ட பழைய பக்கங்களுக்கும் அர்த்தம் போய்விடும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. வசந்துக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் சார்லஸ் கிழித்த பிறகு எழுந்திருக்காமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். வசந்த் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினான். உடையப்பன் பின்னாலேயே ஓடிவந்து பாதிப் படியில் அவன் கையைப் பிடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“தம்பி, எங்கிட்டயாச்சும் சொல்லு. நெசமாவே ஒனக்கு ஒண்ணும் தோணலயா?”

வசந்த் நின்றான். கீழே மண்டியில் ஆட்கள் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் உடையப்பனின் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

“படியில கால் வச்சாச்சுண்ணே,” என்றான். இறங்கிப் போனான்.